முன்னால் இருந்த 0 எங்கே போனது? தோட்ட அலுவலகக் கணினி வேலைக்கு வழி சொல்லுங்கள்

செம்மண் சாலை | திங்கள், இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட், லிந்தாங் சாலைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எனக்கு முன்பு இருந்தவர் போகும்போது ஒரு பழைய கணினியையும் ஓர் எக்செல் கோப்பையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். 63 பேரின் பெயர், அடையாள அட்டை எண், வருகை, வெட்டிய குலை, பிடித்தம், கைக்கு வரும் சம்பளம் எல்லாம் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. கணக்கியல் படித்தவள் என்பதால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த மாதம் இரண்டு இடங்களில் திணறி நிற்கிறேன்.

முதலாவது, நான் அனுப்பிய தொழிலாளர் பட்டியல் திரும்பி வந்துவிட்டது. பிழை இரண்டு பையன்களின் எண்ணில். ஒருவன் 2004-இல் பிறந்தவன், மற்றவன் 2006. அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 12 இலக்கத்தையும் நான்தான் அடித்தேன். தாளில் 11 இலக்கம்தான் நிற்கிறது. முன்னால் இருந்த 0-ஐக் காணவில்லை. பழைய ஆட்களின் எண்களோ சில கட்டங்களில் 8.8 என்று தொடங்கி, இடையில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தோடு ஏதோ அறிவியல் பாடக் கணக்கு போலத் தெரிகின்றன.

இரண்டாவது, எங்கள் இரவுக் காவல் பெரியவரின் கணக்கு. இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறார். அரை மணி ஓய்வு போக ஏழரை மணி நேரம். சென்ற மாதம் 26 இரவு. வந்த நேரத்தைப் போன நேரத்திலிருந்து கழித்தால் கட்டம் முழுவதும் வேலி போட்டாற்போல # குறிகள் வருகின்றன. சரி என்று ஒவ்வோர் இரவுக்கும் 7:30 எனக் கையாலேயே அடித்துக் கூட்டினேன். மொத்தம் 3:00 என்று காட்டுகிறது. மாதம் முழுவதும் கண்விழித்த மனிதருக்கு மூன்று மணி நேரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தெரிந்தவர்கள் கைகொடுங்கள். அப்படியே அன்றாடக் கணினி வேலையில் உங்களுக்கு உதவிய வழிகள் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். என்னைப் போலப் புதிதாக வருபவர்களுக்கும் பயன்படும்.

பழைய கிராணி | திங்கள், இரவு 9.35

அம்மா, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். செக்ரோல் என்ற வருகை, கூலிப் பதிவுப் புத்தகத்தில் பேனாவால் எழுதிய நாளில் இருந்து இந்த வேலையில் இருந்தவன்.

எக்செல் கணக்குப் போடுவதற்கான கருவி. இலக்கங்களை மட்டும் அடித்தால் அதைத் தொகை என்றே எடுத்துக்கொள்ளும். தொகைக்கு முன்னால் வரும் 0-க்கு மதிப்பு இல்லை அல்லவா, அதனால் அதை விட்டுவிடும். 11 இலக்கத்தைத் தாண்டிய தொகையைச் சுருக்கி ‘ஈ’ போட்டுக் காட்டும். நம் அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கம், அதனால் அதில் நேரே போய் மாட்டிக்கொள்கிறது. ஆனால் அடையாள அட்டை எண் தொகை அன்று. யாரும் அதைக் கூட்டப்போவதும் இல்லை, கழிக்கப்போவதும் இல்லை. அது அந்த மனிதனின் இன்னொரு பெயர். பெயரை எப்படி எழுத்தாக வைக்கிறோமோ அப்படியே இதையும் எழுத்தாக வைக்க வேண்டும்.

நெடுங்காலம் இது நம் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். நான் வேலை பார்த்த காலத்தில் எல்லாரும் 40, 50, 60 என்று தொடங்குபவர்கள். 2000-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் வேலைக்கு வரத் தொடங்கிய பின்புதான் 0 நம் பட்டியலுக்குள் வந்தது. ஆகவே இதில் அடிபடுவது புதிதாக வேலைக்கு வரும் சின்னப் பிள்ளைகள்தாம். முதல் சம்பளமே தடுமாறினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

செய்ய வேண்டியது இது. எண்ணை அடிப்பதற்கு முன்னால் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் விசையோடு 1-ஐ அழுத்தினால் வடிவப் பெட்டி திறக்கும். ‘டெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்து உறுதி செய்த பிறகு அடியுங்கள். ஒன்றிரண்டு எண் மட்டும் என்றால் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி (') போட்டு அடித்தாலே போதும். குறி கட்டத்தில் தெரியாது, 0 நிற்கும். அப்போது கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் ஒன்று எட்டிப்பார்த்து, எண்ணாக மாற்றட்டுமா என்று கேட்கும். மாற்ற விட்டால் 0 மறுபடி போய்விடும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே 0 போனவற்றை மீட்கப் பக்கத்துக் காலி நெடுவரிசையில் ஒரு சூத்திரம் போடுங்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், தாளில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்:

=டெக்ஸ்ட்(பி2,"000000000000")

மேற்கோளுக்குள் பன்னிரண்டு 0. எண் குறைந்தால் முன்னால் 0 போட்டு 12 ஆக்கித் தரும். பிறகு அந்த நெடுவரிசையை நகலெடுத்து, ‘மதிப்பை மட்டும் ஒட்டு’ என்ற முறையில் பழைய இடத்தில் ஒட்டுங்கள்.

முடிந்தபின் எண்களைச் சோதித்துப் பாருங்கள். ஏழாம், எட்டாம் இலக்கம் பிறந்த மாநிலம். பேராக் 08, கெடா 02, சிலாங்கூர் 10. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ஒற்றைப்படையில் முடியும் எண் நின்றால், அட்டையைக் கேட்டு வாங்கி மறுபடி பாருங்கள்.

கணினிக் கடைத் தம்பி | திங்கள், இரவு 10.10

ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஒரு கண்ணி மட்டும் மீதி இருக்கிறது. கடைக்கு வரும் கிராணிகள் பலர் அதில்தான் மறுபடி விழுகிறார்கள்.

அக்கா, நீங்கள் பட்டியலைச் ‘சிஎஸ்வி’ கோப்பாகச் சேமித்து அனுப்புபவராக இருந்தால், சேமித்ததும் சரிபார்க்கிறேன் என்று அதையே இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். அந்தக் கோப்பில் எழுத்து, எண் என்ற வடிவம் எதுவும் பதிவாகாது. வெறும் எழுத்துகளும் காற்புள்ளிகளும்தான். திறக்கும்போது எக்செல் மறுபடி தொகை என்று எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் சேமித்தால் சரிசெய்த 0 எல்லாம் திரும்பவும் போய்விடும். பார்க்க வேண்டுமென்றால் ‘நோட்பேட்’ செயலியில் திறந்து பாருங்கள், உள்ளது உள்ளபடி தெரியும். எக்செலில்தான் திறக்க வேண்டும் என்றால் ‘டேட்டா’ பட்டியலில் உரைக் கோப்பை இறக்கும் வழியாகப் போய், அந்த நெடுவரிசை எழுத்து என்று சொல்லி இறக்குங்கள்.

புதிய எக்செலில் இந்தத் தானியங்கி மாற்றத்தையே நிறுத்தி வைக்கலாம். சந்தா முறையில் வரும் பதிப்பில் 2023 இறுதியிலிருந்து அந்த வசதி உண்டு. விருப்பங்களில் ‘டேட்டா’ பகுதியில் இருக்கிறது.

வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே கவனம் வேண்டும். எக்செல் ஒரு தொகையில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணைத் தொகையாக அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முன்னால் போன 0-ஐ மீட்கலாம். பின்னால் மாறிய இலக்கத்தை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது.

ஆலை நேரம் | செவ்வாய், காலை 6.40

இரவு முறை முடிந்து வந்ததும் இந்த இழையைப் பார்த்தேன். செம்பனை ஆலையில் முறை நேரக் கணக்கு எழுதுபவன் நான். உங்கள் காவல் பெரியவரின் கணக்கு எனக்கு அன்றாடக் கணக்கு.

எக்செல் நேரத்தை ஒரு நாளின் பகுதியாக வைத்திருக்கிறது. முழு நாள் 1. நண்பகல் 0.5, காலை 6 மணி 0.25, இரவு 10 மணி ஏறத்தாழ 0.9167. காலையிலிருந்து இரவைக் கழித்தால் எதிர்மறை எண் வரும். எதிர்மறை நேரத்தைக் காட்ட வழி இல்லாததால்தான் # குறியால் நிரப்பிவிடுகிறது. நள்ளிரவைத் தாண்டும் எல்லாக் கணக்குக்கும் இந்தச் சூத்திரம்:

=மாட்(சி2-பி2,1)

பி2 வந்த நேரம், சி2 போன நேரம். இது 8:00 தரும். ஓய்வு அரை மணியைக் கழிக்க, பின்னால் -டைம்(0,30,0) சேர்த்துக்கொள்ளுங்கள். 7:30 வரும்.

இனி 3:00. அது பிழை இல்லை, பாதி உண்மை. 26 இரவு, ஏழரை மணி, மொத்தம் 195 மணி. 195 மணி என்றால் எட்டு முழு நாளும் மூன்று மணியும். கடிகாரம் போலக் காட்டும் வடிவத்தில் கட்டம் இருப்பதால், எட்டு நாளை விட்டுவிட்டு மிச்சமுள்ள மூன்று மணியை மட்டும் காட்டுகிறது. மொத்தக் கட்டத்தில் கண்ட்ரோல் விசையோடு 1 அழுத்தி, ‘கஸ்டம்’ என்ற இடத்தில் மணியைக் குறிக்கும் ‘எச்’ எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பின்னால் முக்காற்புள்ளியும் நிமிடத்துக்கு இரண்டு ‘எம்’ எழுத்தும். உடனே 195:00 என்று தெரியும்.

சம்பளம் கணக்கிடும்போது அந்த 195:00-ஐ அப்படியே மணிக்கூலியால் பெருக்கிவிடாதீர்கள். கண்ணுக்கு 195 என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 8.125. முதலில் 24-ஆல் பெருக்குங்கள், பிறகு கூலியால். நான் சேர்ந்த புதிதில் இதைச் செய்யாமல் விட்டு ஒருவரின் மிகைநேரக் கூலியை இருபத்து நான்கில் ஒரு பங்காக எழுதிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இது சரியா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

இன்னொன்று, 2023 ஜனவரி முதல் வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிதான், முன்பு 48. ஏழரை மணி வீதம் ஆறு இரவு என்றால் சரியாக 45. அதற்கு மேல் ஒரு மணி நேரம் அவர் நின்றிருந்தாலும் அது மிகைநேரம். வாரவாரியாக ஒரு மொத்தக் கட்டம் வைத்தால் அது தானாகக் கண்ணில் படும்.

தராசடி | செவ்வாய், மதியம் 1.15

வரிசைப்படுத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

தராசுக் கூண்டில் குலை எடை எழுதும் வேலை எனக்கு. சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு தோட்டத்தில் இருந்தபோது, மேலாளர் பெயர்களை அகர வரிசையில் கேட்டார். பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். ஒரு பெட்டி வந்தது. பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கட்டுமா, தேர்ந்ததை மட்டும் செய்யட்டுமா என்று கேட்டது. அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினேன். பெயர்கள் நகர்ந்தன, எடைகள் நின்ற இடத்திலேயே நின்றன. பார்வைக்குத் தாள் அழகாக இருந்தது. ஒருவர் வெட்டிய குலை இன்னொருவர் பெயரில் ஏறியிருந்தது, அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து உதிரிப்பழம் பொறுக்கும் அம்மா ஒருவர், “நான் இவ்வளவு பொறுக்கவே இல்லையே, யாருடையதோ எனக்கு வந்துவிட்டது” என்று தாமாகவே வந்து சொன்னார். அந்த அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மாதம் 40 பேரின் கூலி தவறிப் போயிருக்கும்.

அன்று முதல் எந்தத் தாளைத் திறந்தாலும் முதலில் கண்ட்ரோல் விசையோடு ‘டி’ அழுத்தி அதை அட்டவணையாக மாற்றிவிடுவேன். அட்டவணைக்குள் ஒரு நெடுவரிசையை வரிசைப்படுத்தினால் வரிசை முழுவதும் ஒன்றாகவே நகரும், பிரியாது. இடது ஓரத்தில் 1, 2, 3 என்று ஒரு வரிசை எண் நெடுவரிசையும் கட்டாயம் உண்டு. எப்படிக் கலைந்தாலும் அதைக் கொண்டு பழைய ஒழுங்குக்கு வந்துவிடலாம்.

நேர்வழி | செவ்வாய், மாலை 5.20

எல்லாருடைய உழைப்பையும் மதிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், 63 பேர் சம்பளத்தை எக்செலில் போட்டுத் தீர வேண்டுமா? சம்பளக் கணக்குக்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஊழியர் சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா, வருமான வரிப் பிடித்தம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். சகோதரி தம் மேலாளரிடம் கேட்டு ஒன்றை வாங்கச் சொல்வதுதான் நேரான வழி. கையால் சூத்திரம் எழுதும் ஒவ்வோர் இடமும் பிழை நுழையும் வாசல்.

பழைய கிராணி | செவ்வாய், இரவு 8.05

தம்பி, உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. சேமநிதி விஷயத்தில் நீங்கள் சொல்வதை நானே எடுத்துக்காட்டோடு சொல்வேன். பலர் சம்பளத்தை 11 விழுக்காட்டால் பெருக்கித் தொழிலாளர் பங்கு என்று எழுதிவிடுகிறார்கள். சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி கணக்கு அப்படி இல்லை. 5,000 ரிங்கிட் வரை 20 ரிங்கிட்டுக்கு ஒரு படி வைத்திருக்கிறார்கள். 1,712 ரிங்கிட் 50 சென் வாங்குபவருக்குப் பெருக்கிப் பார்த்தால் 188.38 வரும். அட்டவணையில் அவர் 1,700.01 முதல் 1,720 வரையிலான படியில் இருக்கிறார், பங்கு 190 ரிங்கிட், முதலாளி பங்கு 224. சென் கணக்கே கிடையாது. நல்ல மென்பொருளில் அட்டவணை உள்ளேயே இருக்கும்.

ஆனால் வாங்கும்வரை என்ன செய்வது? அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். ஆகவே அம்மா, அந்த அட்டவணையைத் தனித் தாளில் ஏற்றி வையுங்கள். படியின் தொடக்கத் தொகை முதல் நெடுவரிசையில், சிறியதிலிருந்து பெரியதாக. பிறகு ‘விலுக்கப்’ சூத்திரத்தின் கடைசி இடத்தில் ‘ட்ரூ’ கொடுத்தால் சம்பளம் எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் பங்கை எடுத்துத் தரும்.

மாறக்கூடிய எந்த எண்ணையும் சூத்திரத்துக்குள் புதைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் 1500 என்று எழுதி வைத்தவர்கள் வரிவரியாகத் தேடி மாற்றினார்கள், ஒன்றிரண்டு தப்பியும் போயின. தனித் தாளில் ஒரே கட்டத்தில் எழுதி, எல்லாச் சூத்திரமும் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்படி வைத்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். சூத்திரம் எழுதும்போது அந்தக் கட்டத்தைக் காட்டிவிட்டு எஃப்4 விசையை அழுத்துங்கள். டாலர் குறி விழும். கீழே இழுக்கும்போது இடம் நகராது.

மென்பொருள் வந்த பிறகும் இந்தத் தாளை அழிக்காதீர்கள். இரண்டு வழியிலும் ஒரே தொகை வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நேர்வழி | செவ்வாய், இரவு 8.40

ஒப்பிட்டுப் பார்க்கத் தாள் வேண்டும் என்பதை ஏற்கிறேன் ஐயா. மென்பொருள் வேண்டும் என்பதையும் நான் விடவில்லை. 63 பேர் 163 ஆனால் ஒரு கிராணியால் தாங்க முடியாது.

ஆலயக் கணக்கு | செவ்வாய், இரவு 9.30

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பொருளாளர் நான். சென் கணக்கு என்றதும் எழுதத் தோன்றியது.

2008 ஏப்ரல் 1 முதல் ஒரு சென் நாணயம் இல்லை. ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகையை 5 சென்னுக்கு முழுமையாக்க வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் சூத்திரம்:

=ரவுண்ட்(ஏ2*20,0)/20

47.82 என்றால் 47.80 தரும், 47.83 என்றால் 47.85.

இரண்டு தசமம் காட்டும்படி கட்டத்தை வைத்துவிட்டால் முழுமையாக்கிவிட்டதாகப் பொருள் இல்லை என்பதை ஆண்டறிக்கை நாளில் பட்டுத் தெரிந்துகொண்டேன். 10.004 என்ற தொகை மூன்று கட்டத்தில் இருந்தால் மூன்றும் 10.00 என்றுதான் தெரியும். கூட்டினால் 30.01 வரும். பொதுக்கூட்டத்தில் ஒரு சென் இடிக்கிறதே என்று எழுந்து கேட்டார்கள், எழுந்து கேட்பது அவர்கள் உரிமை. இப்போது ஒவ்வொரு வரியிலும் ‘ரவுண்ட்’ போட்ட பிறகே கூட்டுகிறேன்.

செம்மண் சாலை | செவ்வாய், இரவு 10.45

படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து எழுதுகிறேன். இன்னும் ஒரு கேள்வி. அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய கணினியில் தமிழ் அறிவிப்புகள் இருக்கின்றன. ஆனால் என் மடிக்கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை | புதன், மதியம் 2.30

செம்மண் சாலை, அவை பழைய எழுத்துருவில் அடித்தவை. பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்தின் குறியீடுதான். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். உரையை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று பழைய கணினியில் பார்த்துக்கொண்டு, அதைத் தேர்ந்து மாற்றுங்கள். ஒருமுறை மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும்.

இனி அடிப்பது யூனிகோடிலேயே இருக்கட்டும். இந்தத் துறையில் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருள் பல தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கை வந்த கருவி. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம் என்றால், இன்றைய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. அமைப்பில் மொழி என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகையாகத் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

தமிழ் 99-ஐ நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அதன் அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘தோட்டம்’ என்று அடிக்க எல், எக்ஸ், ஓ, ஓ, கே, எஃப் என்ற ஆறு விசைகள் போதும். எல் ‘த’, எக்ஸ் ‘ஓ’, இரண்டும் சேர்ந்ததும் ‘தோ’ ஆகிவிடும். ஆங்கில ஓ விசையில் இருக்கும் ‘ட’வை இருமுறை தட்டினால் முதல் ‘ட’வுக்குப் புள்ளி தானே விழும். கடைசியில் ‘ம’வுக்கு எஃப் தட்டிப் புள்ளி வைக்கிறோம். என் மாணவர்கள் சில வாரங்களிலேயே விசையைப் பார்க்காமல் அடிக்கிறார்கள்.

அறிவிப்பை அச்சுக் கடைக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்து போகும். கொம்பும் காலும் இடம் மாறாது.

கணினிக் கடைத் தம்பி | புதன், மாலை 6.00

அச்சுக் கடை என்றதும் விரலி (பென் டிரைவ்) நினைவுக்கு வருகிறது. பல பேர் விரலிகள் ஏறி இறங்கும் கணினியில் உங்கள் விரலியைச் செருகியபின், கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னமாக மாறியிருந்தால் அதைச் சொடுக்காதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். விரலியைத் துடைத்து வடிவமைக்கும் முன்னால் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அச்சுக்கு மின்னஞ்சலில் அனுப்புவது இன்னும் நல்லது.

நம் பக்கத்தில் மதியத்துக்கு மேல் இடி எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வானம் கறுத்ததும் மின்செருகியோடு இணையக் கருவியின் செருகியையும் பிடுங்குங்கள். மின்சாரம் போனால் சில நிமிடம் தாங்கும் மின்கலப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். சேமித்துவிட்டு முறையாக அணைக்க அந்தச் சில நிமிடம் போதும். எக்செலும் வேர்டும் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் படி எடுக்கும்படி அமைந்து வரும். விருப்பங்களில் ‘சேவ்’ பகுதிக்குப் போய் 2 நிமிடம் ஆக்குங்கள். மாதக் கோப்பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேதி போட்டு இன்னொரு பெயரில் சேமியுங்கள். எஃப்12 விசை நேரே அந்தப் பெட்டியைத் திறக்கும். ஒரு படி விரலியில், ஒரு படி அலுவலகத்துக்கு வெளியே.

உங்கள் பழைய கணினி விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் 4 ஜிபி நினைவகமும் வேண்டும். பழைய பொறி பலவற்றில் முதலாவது இருக்காது. 63 பேரின் அடையாள அட்டை எண்ணும் வங்கி எண்ணும் இருக்கும் பொறி அது, அதனால் மேலாளரிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள் அக்கா.

சின்னச் சின்ன விசைகள் சில: விண்டோஸ் விசையோடு ‘வி’ அழுத்தினால் முன்பு நகலெடுத்தவை எல்லாம் பட்டியலாக வரும், முதல்முறை மட்டும் இயக்கச் சொல்லிக் கேட்கும். விண்டோஸோடு ஷிப்ட், ‘எஸ்’ சேர்த்தால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸோடு ‘எல்’, திரை பூட்டிக்கொள்ளும். சம்பளத் தாளைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. எக்செலில் கண்ட்ரோலோடு அரைப்புள்ளி இன்றைய தேதி.

தராசடி | புதன், இரவு 7.10

தேதி என்றதும் ஒன்று. 3/4 என்று அடித்தால் ஏப்ரல் 3 ஆகிறதா, மார்ச் 4 ஆகிறதா என்று உங்கள் கணினியில் அடித்துப் பாருங்கள். மார்ச் என்று காட்டினால் விண்டோஸ் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது. மலேசியாவுக்கு மாற்றுங்கள்.

செம்மண் சாலை | வெள்ளி, இரவு 9.15

இரண்டு நாளாக இதே வேலையாக இருந்தேன்.

எண்களை எழுத்தாக மாற்றி 63 பேரையும் அட்டையோடு ஒப்பிட்டேன். இரண்டு பையன்களின் 0-வும் திரும்பி வந்துவிட்டது. கடைசி இலக்கத்தைப் பார்க்கச் சொன்னீர்களே ஐயா, அதனால் இன்னொரு பிழையும் பிடிபட்டது. கணவன், மனைவி இருவருடைய எண்களும் இடம் மாறிப் பதிவாகியிருந்தன. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று தெரியவில்லை, பழைய மாதக் கோப்புகளையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலை நோட்பேடில் சரிபார்த்து நேற்று அனுப்பினேன். இன்று ஏற்கப்பட்டுவிட்டது. சேமநிதி அட்டவணையை ஏற்றும் வேலை பாதியில் இருக்கிறது. மென்பொருள், புதிய கணினி இரண்டுக்கும் மேலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

காவல் பெரியவர் மாதம் முழுவதும் தம் நேரத்தைச் சின்னக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதி வைப்பவர். இன்று காலை, அவருடைய இரவு முறை முடிந்ததும் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். அவர் வரிவரியாகப் படிக்க நான் தாளில் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் கணக்கில் 195 மணி. தாளிலும் 195:00. இரண்டு இரவு மட்டும் மாற்று ஆள் தாமதமாக வந்ததால் ஏழு மணி வரை நின்றதாக ஓரத்தில் எழுதியிருந்தார், கூட்டலில் சேர்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை மிகைநேரமாக ஏற்றி, மேலாளரின் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன்.